மொட்டை மாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை





உங்கள் வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால், இன்றைக்கே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "பகல் பன்னிரண்டு மணிக்கு வெயிலில் நின்றால் உன் நிழல் எங்கே விழும்?"

"காலடியில்" என்று பலர் சொல்வார்கள். "நிழலே இருக்காது" என்று சிலர் சொல்வார்கள். பிள்ளைகளை விடுங்கள், நம்மிடம் கேட்டாலும் இதைத்தானே சொல்வோம்? உச்சி வெயில் என்றால் சூரியன் தலைக்கு நேர் மேலே இருக்கும் என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

உண்மை என்ன தெரியுமா? சென்னையில் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேலே வருவது வருஷத்தில் இரண்டே நாள். மற்ற நாட்களில் நண்பகலிலும் நமக்கு நிழல் உண்டு. டிசம்பர் 21, 22 வாக்கில் ஒரு மீட்டர் குச்சியை வெயிலில் நிறுத்தினால், நண்பகலிலேயே 74 சென்டிமீட்டர் நிழல் வடக்கே விழும். ஜூன் 21 வாக்கில் அதே குச்சிக்கு 18 சென்டிமீட்டர் நிழல்தான். அதுவும் வடக்கே இல்லை, தெற்கே!

அதே மாடியில்தான் வருஷம் முழுக்கத் துணி உலர்த்துகிறோம். வடகம் பிழிகிறோம், மிளகாய் காயவைக்கிறோம். இருந்தும் இது ஏன் நம் கண்ணில் படவில்லை? ஒரு குச்சியை நட்டு வைத்துப் பார் என்று நமக்கு யாரும் சொல்லவில்லை. பாடப் புத்தகத்தில் படம் இருந்தது. படத்தை மனப்பாடம் செய்தோம், மார்க் வாங்கினோம், மறந்துவிட்டோம்.

நம் பிள்ளைகளுக்காவது இந்தக் கோடை விடுமுறையில் ஒரே ஒரு பகல் பொழுதை ஒதுக்கித் தருவோமா? இதைக் கேட்கத்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

பெரிய செலவு எதுவும் இல்லை. சம்மர் கேம்ப் கட்டணம் இல்லை, கிட் வாங்க வேண்டியதில்லை. நேரான ஒரு குச்சி, மணல் நிரப்பிய பழைய பெயின்ட் டப்பா, சாக்பீஸ், அளக்கும் டேப், ஒரு நோட்டு. இவ்வளவுதான். குச்சியை டப்பாவில் நட்டுத் தரைக்கு மேல் சரியாக ஒரு மீட்டர் இருக்கும்படி வையுங்கள். சாயாமல் நிற்கிறதா என்று பார்க்க, கொத்தனார் தூக்குக்குண்டு பிடிப்பதுபோல ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். அபார்ட்மென்டில் இருப்பவர்கள் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கூட இந்தச் சோதனையைச் செய்யலாம். மாடிக்குப் போக வழி இல்லையென்றால் வெயில் விழும் பால்கனி போதும், பார்க்கிங் ஓரம் போதும்.

காலை ஏழு மணிக்கு ஆரம்பியுங்கள். நிழலின் நுனியில் சாக்பீஸால் ஒரு புள்ளி, பக்கத்தில் மணி. பிறகு மணிக்கு ஒருமுறை இரண்டு நிமிஷம் மாடிக்குப் போய்ப் புள்ளி வைத்துவிட்டு இறங்கி வந்துவிடலாம்.

ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் மறக்காமல் செய்யுங்கள். ஒவ்வொரு முறை மாடி ஏறும் முன்பும், "இப்போது நிழல் எங்கே இருக்கும்? எவ்வளவு நீளம் இருக்கும்?" என்று பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள். சொன்ன இடத்தில் ஒரு கூழாங்கல்லை வைக்கட்டும். பிறகு பார்க்கட்டும்.

கல் ஒரு பக்கமும் நிழல் இன்னொரு பக்கமும் இருந்தால் திருத்தாதீர்கள். "அப்படியா? ஏன் இப்படி ஆச்சு?" என்று மட்டும் கேளுங்கள். ஏழிலிருந்து எட்டு மணிக்குள் நிழல் அவ்வளவு குறைந்ததே, ஒன்பதிலிருந்து பத்துக்குள்ளும் அதே அளவுதான் குறைந்திருக்கும் என்று பிள்ளை நினைக்கும். அது நியாயமான ஊகம்தான். ஆனால் நிழல் அப்படிப் போவதில்லை.

சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில் ஒரு மீட்டர் குச்சிக்கு என்ன கணக்கு வரும் என்று பாருங்கள். காலை ஏழு மணியைத் தாண்டும்போது நிழல் ஏறக்குறைய 320 சென்டிமீட்டர். எட்டு மணியைத் தாண்டும்போது 160. ஒன்பதுக்கு 96. பத்துக்கு 56. பதினொன்றுக்கு 26. பன்னிரண்டு மணி தாண்டி ஏழு நிமிஷத்தில் பூஜ்யம். முதல் ஒரு மணி நேரத்தில் 160 சென்டிமீட்டர் குறைந்த நிழல், கடைசி ஒரு மணி நேரத்தில் 26 சென்டிமீட்டர்தான் குறைகிறது. பிற்பகலில் இதே கணக்கு தலைகீழாக, கிழக்குப் பக்கம் நீளும்.

இந்த எண்களை முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும். தானே அளந்து எழுதிய ஆறு எண்களை ஒரு பிள்ளை கிராஃப் தாளில் புள்ளி வைத்து இணைக்கும்போது வளைகோடு ஒன்று வரும். அது தன் கையால் வந்த கோடு என்ற சந்தோஷம் இருக்கிறதே, அதை எந்த டியூஷனும் தராது.

ஒன்பது மணி தாண்டி ஐந்து நிமிஷம் வாக்கில் இன்னொரு வேடிக்கை நடக்கும். அப்போது குச்சியின் உயரமும் நிழலின் நீளமும் ஒன்றாகிவிடும். குச்சிக்கு மட்டுமா? அந்த நேரத்தில் உங்கள் நிழல் உங்கள் உயரம். வாசலில் நிற்கும் தென்னை மரத்தின் நிழல் தென்னை மரத்தின் உயரம். மரம் ஏறாமலே டேப்பைத் தரையில் போட்டு அதன் உயரத்தைச் சொல்லிவிடலாம். பக்கத்து வீட்டு ஓவர்ஹெட் டேங்க், தெரு விளக்குக் கம்பம், கோயில் கொடிமரம் என்று பிள்ளைகள் டேப்போடு ஊரைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள். சுற்றட்டும்.

நம் பெரியவர்கள் இதைத்தான் ஒரு துரும்பில் அடக்கி வைத்திருந்தார்கள். பதினாறு விரற்கடை நீளமுள்ள ஒரு துரும்பை எடுத்து, ஒரு பகுதி தரையில் படுத்திருக்க மறுபகுதி செங்குத்தாக நிற்கும்படி மடிப்பார்கள். நிற்கும் பகுதியின் நிழல், படுத்திருக்கும் பகுதியின் நுனியைச் சரியாகத் தொடும்வரை மடிப்பை மாற்றுவார்கள். தொட்டதும் நிற்கும் பகுதி எத்தனை விரற்கடை என்று பார்த்தால் அத்தனை நாழிகை. காலையில் என்றால் சூரியன் உதித்துக் கடந்த நாழிகை, பிற்பகலில் என்றால் மறைய மீதமிருக்கும் நாழிகை. ஒரு நாழிகை என்பது 24 நிமிஷம்.

ஒரு ஈர்க்குச்சியை எடுத்து இதைச் செய்து பாருங்கள். பாதிக்குப் பாதி, எட்டு விரற்கடையில் மடிப்பு வந்தால் எட்டு நாழிகை, அதாவது 192 நிமிஷம். சூரியன் உதித்து மூன்று மணி நேரம் பன்னிரண்டு நிமிஷம். நிழலும் உயரமும் ஒன்றாகும் அந்த ஒன்பது மணிக் கணக்கோடு ஒட்டி வருகிறது, பார்த்தீர்களா? நண்பகலை நெருங்கும்போது கொஞ்சம் பிசகும். எவ்வளவு பிசகுகிறது என்று மொபைல் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பிள்ளையே சொல்லட்டும். உங்கள் வீட்டுத் தாத்தா, பாட்டிக்கு இந்த முறை நினைவிருந்தால், அன்றைய வகுப்பை அவர்களே எடுக்கட்டும்.

திசை கண்டுபிடிப்பதும் இதே குச்சியில்தான் இருக்கிறது. குச்சியை மையமாக வைத்துத் தரையில் ஒரு வட்டம் போடுங்கள். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொட்டு உள்ளே வரும் இடத்தில் ஒரு புள்ளி. பிற்பகலில் நுனி வட்டத்தைத் தொட்டு வெளியே போகும் இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டையும் கோட்டால் சேர்த்தால் அது கிழக்கு மேற்குக் கோடு. கோயிலும் வீடும் கட்டுவதற்கு முன் திசை பார்க்க நம் சிற்ப நூல்கள் சொல்லும் முறை இதுதான். மொபைலில் இருக்கும் காம்பஸ் பக்கத்தில் இரும்பு இருந்தால் தடுமாறும். நிழல் தடுமாறாது.

அப்போது இன்னொரு விஷயமும் பிள்ளைக்குப் புரியும். சூரியன் கிழக்கே உதிக்கும் என்று படித்தோமே, சரியாகக் கிழக்கே உதிப்பது மார்ச் 20-ஐயும் செப்டம்பர் 22-ஐயும் ஒட்டிய நாட்களில் மட்டும்தான். ஜூன் கடைசியில் மெரினாவில் நின்று பார்த்தால் நேர் கிழக்கிலிருந்து 24 டிகிரி வடக்கே தள்ளி உதிக்கும். டிசம்பர் கடைசியில் அதே அளவு தெற்கே தள்ளி உதிக்கும்.

"நிழல் ஏன்ப்பா நகருது?" என்று பிள்ளை கேட்கும். "சூரியன் நகருது" என்று அதுவே பதிலும் சொல்லும். உடனே மறுக்க வேண்டாம். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஒரு பந்தில் பல்குத்தும் குச்சியைச் செருகி, டார்ச் வெளிச்சத்தில் பந்தை மெதுவாகச் சுற்றுங்கள். டார்ச் இருந்த இடத்திலேயே இருக்கும். குச்சியின் நிழல் மட்டும் நீளும், குறையும், பக்கம் மாறும். காலையில் மாடியில் பார்த்தது எல்லாம் அந்தப் பந்தின் மேல் நடக்கும். ஆரியபட்டர் 499-இல் எழுதிய நூலில் பூமி சுழல்வதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஆற்றில் படகில் போகிறவருக்குக் கரையில் இருப்பவை பின்னோக்கி நகர்வதாகத் தோன்றும் அல்லவா, விண்மீன்கள் மேற்கே போவதாக நமக்குத் தெரிவதும் அப்படித்தான் என்பது அவர் தந்த விளக்கம். பந்தைச் சுற்றிப் பார்த்த பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள், சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

பூமி ஒரு மணி நேரத்தில் 15 டிகிரி சுழல்கிறது. ஒரு டிகிரிக்கு நான்கு நிமிஷம். நண்பகல் ஏன் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை என்பதற்கும் விடை இதில்தான் இருக்கிறது. நம் கடிகாரம் காட்டுவது உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் வழியாகப் போகும் 82.5 டிகிரி தீர்க்கரேகையின் நேரம். தமிழ்நாடு முழுக்க அந்தக் கோட்டுக்கு மேற்கே இருக்கிறது. அதனால் ஏப்ரல் கடைசியில் சென்னைக்கு நண்பகல் 12.07-க்கு வந்தால் கோவைக்கு 12.20-க்கு வரும். கடிகாரத்தைப் பார்க்காமல் நிழல் மிகக் குறுகிய நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். அதுதான் உங்கள் ஊரின் நண்பகல்.

இந்த ஏப்ரல் மாதத்தை நான் குறிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நிழல் இல்லா நாள் நம் மாநிலத்தில் தெற்கிலிருந்து வடக்கே நடந்து வரும் மாதம் இது. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கில். மதுரையில் 16 வாக்கில். திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் 18 வாக்கில். சென்னையில் 24 வாக்கில். வருஷத்துக்கு வருஷம் ஒரு நாள் முன்பின் ஆகலாம். தவறவிட்டவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. ஆகஸ்ட் 18 வாக்கில் சென்னையில் தொடங்கித் திரும்பித் தெற்கே போய், செப்டம்பர் 1 வாக்கில் கன்னியாகுமரியைச் சேரும். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் இந்த நாட்களில் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி இதைச் செய்து காட்டுகிறார்கள். உங்கள் ஊரில் நடந்தால் பிள்ளையை அழைத்துப் போங்கள்.

டெல்லியில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு இந்த நாள் கிடையாது. கடகரேகைக்கு வடக்கே சூரியன் ஒருநாளும் உச்சிக்கு வராது. அங்கே நண்பகல் நிழல் வருஷம் முழுக்க வடக்கேதான் விழும். சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு மார்ச் நான்காம் வாரத்திலும் செப்டம்பர் மூன்றாம் வாரத்திலும் வரும். வீடியோ கால் பேசும்போது "சாப்பிட்டியா, படிச்சியா" என்று கேட்பதோடு, "உன் குச்சிக்கு இன்னிக்கு நிழல் எவ்வளவு?" என்றும் கேளுங்களேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சென்னையில் ஒரு வீடும் கன்னியாகுமரியில் சொந்தக்காரர் வீடும் இருந்தால் போதும், பிள்ளைகள் பூமியையே அளந்துவிடலாம். ஏப்ரல் 24 வாக்கில் சென்னையில் நிழல் பூஜ்யமாகும். அதே நாள் கன்னியாகுமரியில், அந்த ஊர் நண்பகலில், ஒரு மீட்டர் குச்சிக்கு ஒன்பது சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நிழல் தெற்கே விழும். குச்சியையும் நிழலையும் அளவு குறைத்துத் தாளில் முக்கோணமாக வரைந்து கோணமானியை வைத்தால் கோணம் 5 டிகிரி. முழு வட்டத்துக்கு 360 டிகிரி. அப்படியானால் சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே இருப்பது பூமியின் சுற்றளவில் 72-இல் ஒரு பங்கு. அட்லஸில் ஸ்கேல் வைத்து வடக்கு தெற்காக மட்டும் தூரத்தை அளந்தால் ஏறக்குறைய 555 கிலோமீட்டர் வரும். 72-ஆல் பெருக்குங்கள். 39,960 கிலோமீட்டர்! பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர் என்றுதானே புத்தகம் சொல்கிறது?

சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் இதைத்தான் செய்தார். சையீன் என்ற ஊரில் ஒரு கோடை நாளின் நண்பகலில் நிழல் விழுவதில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதே நேரம் அலெக்சாந்திரியாவில் நிழல் விழுந்தது. கோணத்தை அளந்தார், வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு வந்தது. இரண்டு ஊருக்கும் இடையே உள்ள தூரத்தை ஐம்பதால் பெருக்கிப் பூமியின் சுற்றளவைச் சொன்னார். அவரிடம் செயற்கைக்கோள் இல்லை. நம் வீட்டுப் பிள்ளைகளிடம் மொபைல் இருக்கிறது, அட்லஸ் இருக்கிறது, பேசுவதற்குச் சித்தி, அத்தை, மாமா எல்லாரும் இருக்கிறார்கள். இதைவிட வேறென்ன வேண்டும்?

இப்போது கொஞ்சம் மனம் விட்டுப் பேசுகிறேன். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. நாமும் பத்துப் பேருக்கு அனுப்பியிருப்போம். காலையிலோ மாலையிலோ அங்கே நின்று பாருங்கள். நிழல் நீளமாகத் தரையில் கிடக்கும். விமானம் ஏறக்குறைய 60 மீட்டர் உயரம், மேலே போகப்போகக் குறுகும். அதனால் கோடை மாதங்களின் நண்பகலில் உச்சியின் நிழல் விமானத்தின் மேலேயே, அதன் அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். டிசம்பர் நண்பகலிலோ அது அடித்தளத்தைத் தாண்டி வடக்குப் பிராகாரத் தரையில் விழும்.

இதைச் சொல்வதால் ராஜராஜ சோழனின் பெருமை ஒரு துளியாவது குறைகிறதா? 1010-இல் அவ்வளவு பெரிய கற்களை அவ்வளவு உயரத்துக்கு ஏற்றியதும், இத்தனை நூற்றாண்டுகள் அந்த விமானம் அசையாமல் நிற்பதும் போதாதா? இல்லாத அதிசயம் அந்தக் கோயிலுக்குத் தேவையே இல்லை. ஒரு குச்சியின் நிழலை நாள் முழுக்கப் பார்த்த பிள்ளை, "விமானத்துக்கு மட்டும் எப்படி நிழல் விழாமல் போகும்? போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்கும். அப்படிக் கேட்கும் பிள்ளையைத்தான் நாம் வளர்க்க வேண்டும். நாளைக்கு மருந்து, பணம், வதந்தி என்று எது வந்தாலும் "சரிபார்த்தீங்களா?" என்று அது கேட்கும். நிழலைச் சொல்லிக்கொடுப்பதில் இருக்கும் பெரிய லாபமே இதுதான் என்று நான் நம்புகிறேன்.

அப்படியே கும்பகோணம் பக்கம் போனால் திருவிசநல்லூர் சிவயோகிநாதர் கோயில் மதிலில் இருக்கும் சூரியக் கடிகாரத்தையும் காட்டுங்கள். ஜெய்ப்பூர் சுற்றுலா போகிறவர்கள் ஜந்தர் மந்தரைத் தவறவிடாதீர்கள். 27 மீட்டர் உயரமுள்ள சாம்ராட் யந்திரத்தின் நிழல் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நகரும். நின்று பார்த்தால் கண்ணெதிரே நகர்வது தெரியும்.

"இதெல்லாம் சரி, வீட்டுக்கு என்ன பிரயோஜனம்?" என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. காலையில் வேப்பமர நிழலில் நிறுத்திய ஸ்கூட்டர் மத்தியானம் கொதிக்கிறதே, ஏன்? காலை நிழல் மரத்துக்கு மேற்கே, பிற்பகல் நிழல் கிழக்கே. சாயங்காலம் வண்டி எடுப்பவர் மரத்துக்குக் கிழக்கே நிறுத்த வேண்டும். இதைப் பத்து வயதுப் பிள்ளை அப்பாவுக்குச் சொல்லித்தரலாம்.

தெற்குப் பக்கத்து மனையில் 10 மீட்டர் உயரத்துக்கு மாடி எழும்பினால், டிசம்பர் நண்பகலில் ஏழு மீட்டருக்கு மேல் நிழல் நம் பக்கம் வரும். ஜூன் மாதத்தில் அந்தப் பேச்சே இருக்காது. வீடு பார்க்கப் போகும்போதும், மாடித் தோட்டத்தில் தொட்டி வைக்கும்போதும், சோலார் பேனல் போடும்போதும் இந்தக் கணக்கு கை கொடுக்கும். ஜூன் மாத வெயிலை மட்டும் பார்த்துவிட்டு பேனல் வைத்தால், தெற்கே இருக்கும் தண்ணீர் டேங்கின் நிழல் டிசம்பரில் வந்து அதன் மேல் விழலாம். கொடி எந்தப் பக்கம் கட்டினால் துணி மூன்று மணிவரை வெயில் வாங்கும் என்பதும் இதே கணக்குதான்.

சின்னக் குழந்தைகளுக்கு அளவெல்லாம் வேண்டாம். மூன்று, நான்கு வயதில் நிழலை மிதிக்கும் விளையாட்டு போதும். "உன் நிழலை விட்டு ஓடிப் போக முடியுமா? நிழலுக்குக் கண் இருக்கா?" என்று கேளுங்கள். ஐந்து, ஆறு வயதில் ஒரே இடத்தில் நிற்கவைத்துப் பாதத்தையும் நிழலையும் சாக்பீஸால் வரையுங்கள். காலையில், மத்தியானம், மாலையில் என்று மூன்று முறை வரைந்தால் போதும். ழான் பியாஜே என்ற உளவியலாளர் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பே குழந்தைகளிடம் நிழலைப் பற்றிக் கேட்டுப் பார்த்திருக்கிறார். நிழல் ஒரு பொருள், அது இரவிலிருந்தோ மரத்தடியிலிருந்தோ வருகிறது என்றெல்லாம் சின்னக் குழந்தைகள் சொன்னார்கள். உங்கள் குழந்தை அப்படிச் சொன்னால் சிரிக்காதீர்கள். அது யோசிக்கிறது என்று அர்த்தம். வெளிச்சம் வந்த வழியை உடம்பு மறிப்பதால் நிழல் விழுகிறது என்பது நாலு முறை விளையாடினால் தானாகவே புரியும்.

மரத்தடியில் தரையைப் பார்க்கச் சொல்லவும் மறக்காதீர்கள். புங்க மரத்தடியில் வட்ட வட்டமாக விழும் வெளிச்சம் இலை இடுக்கின் வடிவம் இல்லை, சூரியனின் பிம்பம். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல், திருச்சி பகுதிகளில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. அப்படிப்பட்ட கிரகணத்தின்போது இந்த வட்டங்களும் பிறையாகி, நடுவில் வளையமாகிவிடும். சூரியனைப் பார்க்காமலே கிரகணம் பார்க்க இதைவிடப் பாதுகாப்பான வழி உண்டா?

பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. கூலிங் கிளாஸ் போட்டும் பார்க்கக் கூடாது. நம் வேலை முழுவதும் தரையைப் பார்த்துத்தான் என்று பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தலையில் தொப்பி, காலில் செருப்பு, இறங்கி வந்ததும் ஒரு டம்ளர் மோர். சித்திரை வெயிலில் யாரும் மாடியில் நின்றுகொண்டே இருக்க வேண்டாம். மணிக்கு இரண்டு நிமிஷம் போதும். சின்னப் பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் கூடவே போங்கள்.

"யூடியூபில் பத்து விநாடியில் முழு நாள் நிழலையும் காட்டிவிடுகிறார்களே?" என்று பெரிய பிள்ளைகள் கேட்கலாம். காட்டுவார்கள், அழகாகவும் இருக்கும். ஆனால் அந்தப் பத்து விநாடியில் பிள்ளை ஊகிக்கவில்லை, காத்திருக்கவில்லை, அளக்கவில்லை. அடுத்த வீடியோ வந்ததும் முந்தையது போய்விடும். தானே வைத்த கூழாங்கல் தப்பான இடத்தில் கிடந்ததை மட்டும் பிள்ளை மறக்காது.

ஆசிரியர்களாக இருக்கும் வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். பள்ளி மைதானத்தில் நிரந்தரமாக ஒரு கம்பத்தை நட்டு வைக்க முடியுமா? ஏற்கெனவே நிற்கும் கொடிக் கம்பமே போதும். வெள்ளிக்கிழமைதோறும் நண்பகலில் நிழல் நுனிக்கு ஒரு பெயின்ட் புள்ளி. வருஷம் முடியும்போது பருவகாலம் என்ற பாடம் தரையிலேயே எழுதப்பட்டிருக்கும். புத்தகத்தில் இருக்கும் சாய்ந்த பூகோளப் படத்துக்கும் அந்தப் புள்ளிகளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் வகுப்பே பதில் சொல்லும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்துவிட்டு எங்களுக்கு எழுதுங்கள். ஊர்ப் பெயர், தேதி, குச்சியின் உயரம், மிகக் குறுகிய நிழலின் நீளம், அது விழுந்த நேரம், எந்தப் பக்கம் விழுந்தது. இந்த ஆறு விவரத்தையும் பிள்ளைகள் தங்கள் கையெழுத்திலேயே ஒரு அஞ்சலட்டையில் எழுதட்டும். கூழாங்கல் எங்கே கிடந்தது என்பதையும் சேர்த்து எழுதினால் இன்னும் சந்தோஷம். வரும் கடிதங்களை ஊர்வாரியாகத் தொகுத்து வெளியிடுகிறோம். கன்னியாகுமரியிலிருந்து சென்னை வரை நம் பிள்ளைகள் அளந்த நிழல்கள் ஒரே பக்கத்தில் வரிசையாக வந்தால், பூமியின் சுற்றளவை நாம் எல்லோரும் சேர்ந்தே கணக்குப் போட்டுவிடலாம்.

அன்புடன்,
ஆசிரியர்